லைப்ரரி சயின்ஸ் படிப்பு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

காலேஜ் லைப்ரரில வேலை, கூடவே பி.லிப், எம்.லிப் (லைப்ரரி சயின்ஸ் டிகிரியும் அதோட மேல்படிப்பும்) பசங்களுக்கு கிளாஸும் எடுக்கறேன். வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் போடறேன்.

கேள்வி: மேடம், பி.ஏ. முடிச்சிட்டேன், ஒரு வருஷ பி.லிப் போதுமா?

பதில்: சேர எந்த டிகிரி இருந்தாலும் சரி. காலேஜ் லைப்ரரியன் ஆகணும்னா எம்.லிப்ல 55 சதவீதம் வேணும், அதோட நெட் இல்லன்னா செட்ங்கற தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும். பி.லிப்போட நிறுத்தாதீங்கம்மா.

கேள்வி: சிலபஸ்ல முதல்ல எத மாத்தணும் மேடம்?

பதில்: பிராக்டிக்கல்தான். இப்ப என்ன நடக்குது, பேப்பர்ல ஒரு தலைப்ப குடுத்து டியூயில (புத்தகத்த பொருள்வாரியா எண் போட்டு பிரிக்கற முறை) நம்பர் போடச் சொல்றோம், பையன் அந்த புத்தகத்த கண்ணால பாக்கறதே இல்ல, ஆனா நிஜ வேலைல முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் புரட்டிப் பாத்துதான் அது எதப் பத்தினதுன்னே முடிவு பண்ண முடியும். நம்ம நாட்டுல லைப்ரரி சயின்ஸுக்கு அடித்தளம் போட்ட ரங்கநாதன் கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனவர், லண்டன் போய் படிச்சப்பவும் அங்க இருக்கற லைப்ரரிகள்ல வேலை எப்படி நடக்குதுன்னு சுத்திப் பாத்துட்டு வந்தார். 1929ல இங்க மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் மூலமா கோடைகால வகுப்பு ஆரம்பிச்சாங்க, 1931ல யுனிவர்சிட்டியே எடுத்து நடத்துச்சு. பாடம் எடுத்த ரங்கநாதன் தினமும் லைப்ரரி நடத்திக்கிட்டிருந்தவர், அதான் முக்கியம். இன்னிக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஓடற லைப்ரரில பசங்கள உக்கார வைக்கணும், அதுக்கு மார்க்கும் குடுக்கணும்.

கேள்வி: ரங்கநாதன் உருவாக்கின காலன் கிளாசிஃபிகேஷன (புத்தகம் பிரிக்கற முறை) யாருமே யூஸ் பண்றதில்லயே, எதுக்கு படிக்கணும்?

பதில்: ரொம்ப கம்மியான லைப்ரரிலதான் இருக்கு, உண்மைதான். ஆனா ஒரு விஷயத்த பல முகமா பிரிச்சுப் பாக்கற அந்த யோசனை இருக்கே, ஆன்லைன்ல சட்டை தேடும்போது கலர், சைஸ், விலைன்னு தனித்தனியா டிக் பண்றீங்கல்ல, அங்கயும் அதே யோசனைதான். அத நல்லா சொல்லிக் குடுக்கட்டும், நீள நீளமா நம்பர் கட்டற பயிற்சிய குறைச்சுக்கலாம்.

கேள்வி: தமிழ் புத்தகத்துக்கு கேட்லாக் போட கிளாஸ்ல சொல்லியே தரல, வேலைக்கு வந்ததும் முழிக்கிறேன்.

பதில்: இதான் எனக்கு பெரிய வருத்தம்! தமிழ்நாட்டுல படிச்சு தமிழ் புத்தகத்தோட வேலை பாக்கப் போறவங்களுக்கு உதாரணம் எல்லாம் இங்கிலீஷ் புத்தகம்தான். நம்ம பேருக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, ஒருத்தர் ஒரு மாதிரி போடுவார். புனைபெயர் இன்னொரு தலைவலி, ஒரு ரெக்கார்டுல புதுமைப்பித்தன்னும் இன்னொண்ணுல சொ. விருத்தாசலம்னும் இருந்தா தேடற வாசகருக்கு பாதி புத்தகம் கண்ணுலயே படாது. ரெண்டு பெயரையும் இணைக்கற அத்தாரிட்டி ஃபைல் எப்படி போடறதுன்னு பசங்க கையால செஞ்சு பழகணும். டியூயில தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811ங்கற ஒரே எண்ணுக்குள்ள அடங்கணும், தமிழே நிறைஞ்ச லைப்ரரில அந்த ஷெல்ஃப எப்படி பிரிக்கறதுன்னும் பேசணும். பழைய ஃபான்ட்ல அடிச்ச டேட்டாவ யூனிகோடுக்கு மாத்தற வேலையும் சிலபஸ்ல வரணும்.

கேள்வி: நான் ஊர்ப்புற நூலகத்துல இருக்கேன் மேடம், சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்சேன். வர்றவங்க பென்ஷன் ஃபார்ம், டிஎன்பிஎஸ்சின்னு கேக்கறாங்க, படிப்புல இதெல்லாம் வரவே இல்ல.

பதில்: வந்திருக்கணும் தம்பி. ரெஃபரன்ஸ் பேப்பர்னா என்சைக்ளோபீடியா லிஸ்ட் மனப்பாடம்னு ஆயிடுச்சு. ஒருத்தர் தயங்கித் தயங்கி ஏதோ கேக்கறார், அவருக்கு நிஜமா என்ன வேணும்னு நிதானமா விசாரிச்சு கண்டுபிடிக்கறது தனி திறமை, அத டெஸ்க்ல உக்காந்து பழகினாதான் வரும். நீங்க இப்ப வேலைலயே கத்துக்கறது பெரிய விஷயம்.

கேள்வி: தபால் வழில படிக்கிறேன், லேப் வசதியே இல்ல. லைப்ரரி சாஃப்ட்வேர் கோஹா கத்துக்க முடியுமா?

பதில்: தாராளமா. நியூசிலாந்துல ஒரு லைப்ரரிக்காக எழுதி 2000ல ஓட ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் அது, காசு கிடையாது. பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு இன்ஸ்டால் பண்ணுங்க, வீட்டுல இருக்கற தமிழ் புத்தகங்கள மார்க் 21ல (கேட்லாக் விவரத்த கம்ப்யூட்டர்ல பதியற வடிவம்) ஏத்துங்க, அப்புறம் பக்கத்து கிளை நூலகத்துல போய் சனி, ஞாயிறு உதவி பண்றேன்னு கேளுங்க. எர்ரர் வந்தா மெசேஜ அப்படியே காப்பி பண்ணி இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.