புதிய சேவைத் தொழிலொன்றைத் தொடங்கும்போது காலத்தை எப்படித் திட்டமிடுவது?

தொடக்க நாளை முதலில் குறித்துவிட்டு, மற்ற வேலைகளையெல்லாம் அதற்குள் அடக்கப் பார்க்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். வாடிக்கையாளரிடம் பணமும் ஓய்வும் ஒருசேர இருக்கும் காலத்தை முதலில் அறிந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள் என்பதே என் பதில்.

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலையில் தையற்கடை நடத்துகிறேன். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது; ஆனால் துணி கிடைத்ததும் தோட்டத்துத் தாய்மார்கள் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய வேலையையும் கூலியையும், விட்டுவிட்டுப் பிள்ளைகளுடன் டவுனுக்கு வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் தையற்கடைகளில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்காக, அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கே போய் அளவெடுத்து, தைத்த உடையை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையைத் தொடங்கினேன்.

அதற்கு முன் நான் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில், ஜனவரி முதலாம் திகதியைத் தொடக்க நாளாக எழுதச் சொன்னார்கள். நான் மறுத்தேன். கொவிட் காலத்தில் பாடசாலைத் தவணைகள் ஜனவரியை விட்டே விலகிப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே என் அட்டவணையில் தொடக்கத் திகதி எதுவும் இல்லை. “துணி கிடைத்த நாள்” என்பதையே தொடக்கமாக வைத்து, அதன் பிறகு எந்த வாரத்தில் தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு) என்று எழுதினேன். அவர்கள் அந்தியில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டுமே அளவெடுப்பது; பத்தாம் திகதிச் சம்பளம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் வாங்குவது. தோட்டத்து ஆட்கள் தவணை சொல்லி ஏமாற்றுவார்கள் என்று அந்த வகுப்பில் ஒருவர் சொன்னது இன்றும் எனக்கு வலிக்கிறது. சம்பள நாளை அறிந்து கேட்பவரிடம் எங்கள் மக்கள் கடன் வைப்பதில்லை.

எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை உங்கள் மனக்கணக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். நாம் திட்டமிடும்போது காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவோம் என்பதை உளவியலாளர்களான டேனியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979இலேயே எழுதினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்ற மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் தேவைப்பட்டது. எல்லாமே பிழைத்துப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட அவர்கள் சொன்னது 49 நாள்தான். எனவே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதற்கும் கடனுதவி பெறுவதற்கும் எவ்வளவு காலம் ஆகுமென்று நானாகக் கணக்கிடாமல், அதே பஜாரில் அண்மையில் அவற்றைச் செய்து முடித்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதையே எழுதிக்கொண்டேன்.

பயண நேரத்தையும் வரைபடம் சொல்லாது. தோட்டத்து மேல் டிவிசனுக்கு முச்சக்கர வண்டி ஏறும் நேரம் பாதையைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் சில நாட்களில் ஏறவே ஏறாது. உள்ளூர்ப் பாதைகளைப் பார்க்கும் பிரதேச சபைகளுக்கான சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட நெடுங்காலம் தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. அத்தனை ஆண்டு போடாத பாதையின் தாமதத்தை இன்று நாங்கள் எங்கள் அட்டவணையில் சுமக்கிறோம். கேள்விக்குப் புறம்பாக அரசியல் பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். ஒரு நாளில் எத்தனை வீட்டுக்குப் போகலாம் என்பதையே அந்தப் பாதைதான் முடிவு செய்கிறது.

ஒரு தையற்காரியின் அனுபவம் பெரிய நிறுவனத்துக்குப் பொருந்தாது என்பவர்களோடு நான் வாதாடவில்லை. நீங்கள் தொடங்குவது எந்தச் சேவையானாலும், வேலை குறைவான மாதமொன்றில் ஒரேயொரு டிவிசனில் நடத்திப் பாருங்கள். அங்கே உண்மையில் செலவான நேரத்தைக் கொண்டு மற்ற இடங்களுக்கான அட்டவணையை எழுதுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள். அப்போது தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கையில் இருக்கும், ஆனால் புதிய சேவையைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது.