நேர்த்தியைக் கமராவில் பிடிக்கலாமா?

கேள்வி: கிரஹாம் கிரீனின் 'தி என்ட் ஒஃப் தி அஃபெயார்' நாவலைத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றி 40 நிமிடப் படம் எடுக்க நண்பர்கள் நால்வர் முயல்கிறோம். லண்டன் குண்டுக்குப் பதில் மண்சரிவு. கடவுளை எப்படிக் காட்டுவது என்பதில் முட்டி நிற்கிறோம். 1999இல் வந்த படத்தில் கதையை மாற்றியிருக்கிறார்களே, நாங்களும் மாற்றலாமா?
(வாசகர், கொட்டகலை)

பதில்: நாவலைப் படிக்காதவர்களுக்காக முதலில் கதை. 1951இல் வந்த நாவல். போர்க்கால லண்டனில் பென்ட்ரிக்ஸ் என்ற எழுத்தாளனுக்கும், ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் மனைவி சாராவுக்கும் தொடர்பு. 1944இல் குண்டு விழுந்து, பெயர்ந்த கதவுக்கு அடியில் அவன் கிடக்கிறான். செத்துவிட்டான் என்று நினைத்த சாரா, அதுவரை நம்பாத கடவுள் முன்னால் முழந்தாளிட்டு, இவன் பிழைத்தால் இவனை விட்டுவிடுகிறேன் என்கிறாள். அவன் எழுந்து வருகிறான். அவள் காரணம் சொல்லாமலே விலகிவிடுகிறாள். யாரோ ஒருவன் குறுக்கே வந்துவிட்டான் என்று பொருமிக்கொண்டிருந்தவன், பின்னாளில் துப்பறிபவரை வைத்து அவளுடைய டயறியை எடுத்துப் படிக்கிறான். குறுக்கே வந்தவர் யார் என்று அப்போதுதான் தெரிகிறது.

இதை நம் சனத்துக்கு விளக்கவே தேவையில்லை. மடு மாதா கோவிலுக்கு வான் பிடித்துப் போகிற வீடுகளில் ஏதாவது ஒரு நேர்த்தி, அதாவது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, இருக்கத்தான் செய்யும். என் தம்பிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது எங்கள் அம்மா அந்தோனியாருக்காக வெற்றிலையை விட்டார். குளிரிலும் மழையிலும் கொழுந்தெடுக்கிறவருக்கு வெற்றிலையை விடுவது சின்ன விஷயமில்லை. அதைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில் தாம்பாளம் சுற்றி வரும்போது பார்க்க வேண்டும். அம்மாவின் கை அதை வாங்கும், கொஞ்சம் தாமதிக்கும், அப்புறம் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடும். பாக்கு வாசம் மட்டும் பிடித்துக்கொள்வாரோ என்னவோ.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்தக் கைதான். அசரீரி வேண்டாம், ஜன்னல் வழியாக இறங்கும் ஒளிக்கற்றை வேண்டாம், மெழுகுதிரி தானாக அணைவதும் வேண்டாம். அவனுடைய ஃபோன் அழைப்பு வருகிறது, அவள் எடுக்காமல் சோற்றை வடிக்கிறாள். பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, நின்றுகொண்டே வருகிறாள். யாருக்காக இதெல்லாம் செய்கிறாள் என்று பார்க்கிறவனுக்கு எரிச்சல் வர வேண்டும். பென்ட்ரிக்ஸுக்கு வருவதும் அதே எரிச்சல்தான். இல்லாத ஒருவரை இப்படி வெறுக்க முடியாது என்பது கடைசியில் அவனுக்கே விளங்குகிறது.

1999 படத்துக்கு வருவோம். நீல் ஜோர்டன் எழுதி இயக்கியது; சாராவாக நடித்த ஜூலியன் மூர் ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். குண்டு விழும் காட்சியை ஜோர்டன் முதலில் அவன் பக்கமிருந்தும் பிற்பாடு அவள் பக்கமிருந்தும் காட்டுகிறார். அதே அறை, அதே படிக்கட்டு. இதை நீங்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், செலவும் இல்லை. ஆனால் பிற்பாதியில் இருவரையும் மறுபடி சேர்த்து பிரைட்டனுக்கு அனுப்பி வைத்தாரே, அது எனக்கு ஒப்பவில்லை. நாவலில் சாரா கடைசி வரை அவனிடம் திரும்புவதில்லை. தாம்பாளத்தில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன படம்? நோயாளிக் காதலி, அழுகிற காதலன். அது எல்லா மொழியிலும் இருக்கிறது.

இன்னொன்று. நாவலில் ஸ்மைத் என்று ஒருவர் வருகிறார், கன்னத்தில் பெரிய மச்சத்தோடு. கடவுள் இல்லை என்று பிரசாரம் செய்கிறவர். தன் நம்பிக்கையை அவராவது கலைத்துவிடட்டும் என்றுதான் சாரா அவரைத் தேடிப் போகிறாள். அவர் வாதாட வாதாட அவளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. கிரீனின் குறும்பு அது. படத்தில் ஸ்மைத்தைப் பாதிரியாராக்கி, மச்சத்தைத் துப்பறிபவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாத்திரங்களைக் குறைக்கத்தான், விளங்குகிறது. அந்தத் திரைக்கதைக்கு பாஃப்டா விருதும் கொடுத்தார்கள். நான் தலவாக்கலையில் உட்கார்ந்து குறை சொல்கிறேன்.

ஆகவே மாற்றலாம், நேர்த்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். இடமாற்றத்துக்கு நல்ல முன்மாதிரி 'பாதிரி அமாரோவின் குற்றம்'. போர்த்துக்கல்லின் எசா டி கெய்ரோஸ் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நாவல். 2002இல் அதை இன்றைய மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், போதைப்பொருள் காசில் ஆஸ்பத்திரி கட்டும் பங்குத்தந்தையையும் சேர்த்து கார்லோஸ் கரேரா படமாக்கினார். புதிய ஊரில் அதிகாரம் யார் கையில் என்று பார்த்து மாற்றியதால் அது நின்றது.

நீங்களும் தோட்டத்தைக் கவனித்து மாற்றுங்கள். லண்டனில் அவர்களுக்குக் கதவடைக்க ஓர் அறை இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் காம்பராவில் (அறையில்) இருமினால் அந்தக் காம்பராவில் 'தண்ணி குடி' என்பார்கள். அங்கே கள்ளத் தொடர்பைக் கண்டுபிடிக்கத் துப்பறிபவர் எதற்கு? ரகசியம் இருக்க வேண்டுமென்றால் அவளைப் பிள்ளை மடுவத்து (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்து) பொறுப்பாளராகவோ முன்பள்ளி ஆசிரியையாகவோ ஆக்கி, டவுனுக்குப் போய்வரக் காரணம் கொடுங்கள். டயறிக்கும் வேறு வழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில் பெட்டியில் போடும் மன்றாட்டுச் சீட்டுகள். அவள் வாராவாரம் எழுதிப் போட்டதை ஆலயத்தில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் பையன் எடுத்து வந்து அவனிடம் கொடுத்தால் போதும். சாராவுக்குக் குழந்தையாக இருந்தபோதே அவளுடைய தாய் ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்திருந்தாள் என்று நாவலில் பிற்பாடு தெரியவரும். ஒரே குடும்பத்தில் மாரியம்மனும் மாதாவும் இருக்கிற நம் பக்கத்தில் அதை நம்பவைக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

மண்சரிவு சரிதான். ஆனால் ட்ரோன் விட்டு மலை சரிவதைக் காட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களும் உங்கள் படத்தைப் பார்ப்பார்கள். இருட்டு, தகரத்தில் மழை, பேச்சே கேட்காத சத்தம், அப்புறம் ஒரு சுவர் விழும் ஒலி. அவ்வளவு காணும்.

கடைசியாகக் காசு விஷயம். கிரீன் 1991இல் இறந்தார். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 வருடத்துக்கு உரிமை உண்டு, அதாவது 2061 வரை. நாவலின் பெயரையும் சம்பவங்களையும் அப்படியே எடுத்தால் அனுமதி வேண்டும். நேர்த்தி வைத்துக் காதலை விட்ட ஒருத்தி என்ற கரு மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. கெய்ரோஸ் 1900இலேயே போய்விட்டார், அவரால் தொல்லை இல்லை. ஆலயத்துக்குள் எடுப்பதானால் ஃபாதரிடம் முழுக் கதையையும் முதலே சொல்லிவிடுங்கள். பாதிச் சொல்லிப் பாதி மறைத்தால் படப்பிடிப்பு அன்று சாவி கிடைக்காது.

கேள்வி: கத்தோலிக்கப் பெயரில் இப்படிப்பட்ட கதைகளை நீங்கள் சிபாரிசு செய்யலாமா?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: செய்கிறேன் அம்மா. கிரீன் 1926இல் கத்தோலிக்கரானவர். அவருடைய வேறொரு நாவலை வத்திக்கானே 1950களில் கண்டித்தது. 1965இல் அவரைச் சந்தித்த பாப்பரசர் ஆறாம் பவுல், அந்த நாவலைத் தாம் வாசித்ததாகச் சொல்லி, சில கத்தோலிக்கருக்கு உங்கள் எழுத்து உறுத்தத்தான் செய்யும், பொருட்படுத்த வேண்டாம் என்றாராம். சாராவின் கதையை வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் கோபம் இருந்தால் அந்தக் கடிதத்தை முழுதாகப் போடுகிறேன்.

கேள்வி: அதே நாவல் 1955இலும் படமானதாமே, பார்க்கலாமா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: பார்க்கலாம். எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கியது, டெபோரா கெர் சாரா. துப்பறிபவராக வரும் ஜோன் மில்ஸுக்காகவே ஒருதரம் பார்க்கலாம். 1999 படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள்.