"நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்"

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. முப்பது வருஷமாக இதே வீட்டில்தான் இருக்கிறார். இப்போது ஆறு மாதமாக, விளக்கு வைக்கிற நேரமானால் ஒரு புடவையையும் விபூதி டப்பாவையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். "இதுதான் அத்தை உங்க வீடு" என்றால் அழுகிறார். காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. திருவையாற்றில் பாடம் நடத்திய வாத்தியார் பெயரெல்லாம் சொல்கிறார். வேண்டுமென்றே செய்கிறாரா டாக்டர்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: இல்லைம்மா, வேண்டுமென்று செய்யவில்லை. அல்சைமர் நோயில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. ஆனாலும் பரிசோதிக்காமல் அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொடுக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டே நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள். 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில், கிண்டியில்தான் இருக்கிறது. அழைத்துப் போங்கள்.

அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் மூளையில் சேர்ந்து, நரம்பணுக்கள் அழிகின்றன. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதிதான் பெரும்பாலும் முதலில் அடிவாங்கும். காலை இட்லியை அவர் மறக்கவில்லை. அது பதியவே இல்லை. வாத்தியார் பெயர் அறுபது வருஷத்துக்கு முன்பே பதிந்துவிட்டது.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்தவர். இந்த நோய் வந்தபிறகு, சாயங்காலமானால் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். "ரிட்டயராகி பதினெட்டு வருஷமாச்சுப்பா" என்று தினமும் வாதாடினேன். டாக்டரான நான்தான். அவர் முகம் அப்படியே சுருங்கிவிடும். அம்மா வாதாடவே இல்லை. பழைய டிபன் கேரியரில் தயிர்சாதம் போட்டு, மேல்தட்டில் நார்த்தங்காய் வைத்துக் கையில் கொடுப்பார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கூடவே நடப்பார். திரும்பி வந்ததும், "ஷிஃப்ட் முடிஞ்சுதா, சாப்பிடுங்க" என்பார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாகப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவார்.

உங்கள் மாமியார் தேடுவது திருவையாற்று வீடாக இருக்கலாம். "அங்க யாரெல்லாம் இருப்பாங்க அத்தை?" என்று கேளுங்கள். பையை வாங்கிக்கொண்டு கூடவே ஒரு சுற்று நடந்து வாருங்கள். இருட்டுவதற்கு முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். அரைவெளிச்சம் குழப்பத்தைக் கூட்டும். அந்த மஞ்சள் பைக்குள் உங்கள் போன் நம்பர் எழுதிய துணியொன்றை இன்றைக்கே தைத்துவிடுங்கள்.