கேள்வி - பதில்: சப்பைமூக்கு ரிவால்வருக்கு ஏன் இந்த விலை?

போன இதழில் சப்பைமூக்கு, அதாவது பழைய குட்டைக் குழல் ரிவால்வர்கள் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். டெல்டா பக்கமிருந்து நிறையக் கடிதங்கள். நான்கு கேள்விகளுக்கு இங்கே பதில்.

கோல்ட் கம்பெனி செய்த, இரண்டு அங்குலக் குழல் உள்ள பழைய ரிவால்வரை அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்களாமே. புதுத் துப்பாக்கியே அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது இது என்ன கணக்கு? (வாசகர், கும்பகோணம்)

நீங்கள் சொல்வது டிடெக்டிவ் ஸ்பெஷல். 1927-ல் வந்தது. சட்டைக்குள் மறைத்து வைக்கிற அளவில் .38 ஸ்பெஷல் தோட்டா (.38, .32 என்பதெல்லாம் தோட்டாவின் தடிமன், சுமாராக அங்குலக் கணக்கில்) ஆறு போடலாம், எடை 600 கிராம் சுமார். அதற்கு முன்னால் சாதாரண உடையில் போகிற போலீஸ்காரர்கள் நீளக் குழலை வெட்டிக் குட்டையாக்கி வைத்துக்கொள்வார்கள். கம்பெனியே அப்படி ஒன்றைச் செய்து கொடுத்ததும் பிடித்துக்கொண்டார்கள். 1986-ல் நிறுத்தினார்கள், 1993-ல் மறுபடி தொடங்கி இரண்டு வருஷத்தில் மூடிவிட்டார்கள். ஆக, இருப்பது இருப்பதுதான், இனிமேல் எண்ணிக்கை ஏறாது. கேட்கிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போகிறார்கள்.

ஆனால் அருமைக்காக மட்டும் இந்த விலை இல்லை. பழைய கோல்டின் உள்வேலையைப் பாருங்கள். டிரிக்கரை முழுக்க இழுத்துப் பிடிக்கும்போது, சிலிண்டரை (தோட்டாக்கள் போடுகிற சுழல் உருளை) சுற்றிவிடுகிற சின்ன இரும்புத் துண்டு அதை அழுத்திக்கொண்டே நிற்கும். தோட்டா வெடிக்கிற கணத்தில் சிலிண்டர் துளியும் ஆடாது. அந்தப் பிடிப்பு வர வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி அரம் போட வேண்டும். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் மண் அச்சை உடைத்து எடுத்த சிலைக்கு ஸ்தபதி உளியோடு உட்காருகிறாரே, அந்த மாதிரி வேலை. ஒரே மாடல், ஒரே வருஷம் என்றாலும் இரண்டு துப்பாக்கி அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. தேய்ந்து போனால் சரிசெய்யத் தெரிந்த கைகளும் இப்போது கொஞ்சம்தான். 2017-ல் கோப்ரா என்ற பழைய பேரிலேயே புதிது ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது நல்ல துப்பாக்கிதான், ஆனாலும் பழையதைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் பெட்டி. கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி, அதில் எழுதிய நம்பர் துப்பாக்கி நம்பரோடு பொருந்துவது, காகிதம், மரப்பிடி, தேயாத நீலப் பூச்சு, இவையெல்லாம் சேர்ந்தால் விலை வேறு.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டை 1963-ல் ஜாக் ரூபி சுட்டது ஒரு கோல்ட் கோப்ராவால். அவர் 62.50 டாலருக்கு வாங்கியது, 1991-ல் 2,20,000 டாலருக்கு ஏலம் போனது. அது சரித்திரத்துக்குக் கொடுத்த விலை, இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோல்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா? உங்கள் ஓட்டு எதற்கு? (வாசகர், திருவாரூர்)

கோல்டுக்கு. போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் குட்டை ரிவால்வர் சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950-ல் வந்தது, கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடிய போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் ஓட்டுப் போட்டு வைத்த பேர் அது. ஐந்து தோட்டாதான், அதனால் சிலிண்டர் ஒல்லி, பையில் வைத்தால் தெரியாது. உள்ளே சுருள் வில், பழுது பார்ப்பதும் சுலபம். தினமும் எடுத்துப் போகிறவருக்கு அதுதான் நல்லது. ஆனால் கோல்டின் டிரிக்கரை மெதுவாக இழுக்கும்போது கடைசியில் கொஞ்சம் கனத்து, அப்புறம் விடுபடும், அதை ஒருமுறை விரலில் உணர்ந்தவர் மறக்க மாட்டார். கோல்டின் சிலிண்டர் வலப்பக்கமாகச் சுற்றும், ஸ்மித்தினுடையது இடப்பக்கமாக. படத்தில் பார்த்து அடையாளம் சொல்ல முடியாமல் திணறுகிறவர்கள் சிலிண்டரைத் திறக்கும் பொத்தானைக் கவனியுங்கள்: கோல்டில் பின்னால் இழுக்க வேண்டும், ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும்.

வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதும் இந்த மாதிரி ரிவால்வர்தானே? (வாசகர், மயிலாடுதுறை)

இல்லை. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். சுழலும் சிலிண்டர் அதில் கிடையாது.

பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் காலமான தாத்தாவின் .32 ரிவால்வர் கிடைத்தது, தோல் உறையோடு. இங்கிலாந்துச் சரக்கு. சுத்தம் செய்து விற்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். லைசென்ஸ் தாத்தா பேரில் இருந்தது, அவரோடு முடிந்தது. அது உங்கள் வீட்டில் இருப்பதே சட்டப்படி தப்பு. உடனே ஒரு வக்கீலைப் பார்த்து, ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, அங்கேயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் வாரிசு என்ற முறையில் திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. (தாத்தாவோ அப்பாவோ உயிரோடு லைசென்ஸ் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்திருந்தாலோ இப்போதே வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.)

விற்பது என்றால் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான், அதுவும் முறைப்படி. விலை நல்லபடி வரும். 1980களில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் பழைய சீமைச் சரக்குக்கு நம் நாட்டில் தனி மதிப்பு. .38 இங்கே பொதுமக்களுக்குத் தடை, அதனால் நம் ஊர் மிராசு வீடுகளில் பெரும்பாலும் .32. கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .32 கூட இங்கிலாந்தின் வெப்ளி ரிவால்வர் மாதிரியைப் பார்த்துச் செய்ததுதான்.

சுத்தம் விஷயத்துக்கு வருகிறேன், இது எனக்கு மனம் கொதிக்கிற விஷயம். திருவையாறு பக்கம் என் பெரியப்பா ஒரு .32 வைத்திருந்தார். தேர்தல் வந்தால் பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் ரசீதைக் கொடுத்து வாங்கி வருவார், எண்ணெய் போட்டுப் பீரோவில் வைப்பார். அவர் படுத்த படுக்கையான வருஷம் வீட்டில் யாரோ அதைத் தோல் உறையிலேயே போட்டுவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் முழுவதையும் அந்தத் தோல் குடித்துவிட்டது. எடுத்துப் பார்த்தபோது உறையின் தையல் போன வழியிலேயே குழலில் ஒரு துருக்கோடு, உறையின் பித்தளைக் குமிழில் பச்சைக் களிம்பு. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் நல்லது செய்வதாக நினைத்து உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டான். நீலமும் போயிற்று, குழலில் பொறித்திருந்த எழுத்தும் பாதி அழிந்தது. பார்த்த கடைக்காரர் ஒன்றும் பேசாமல் திருப்பி மேஜையில் வைத்தார்.

அதனால் நீங்கள் ஒப்படைக்கும்போது உறையைத் தனியாகக் கொடுங்கள், துப்பாக்கியை அதற்குள் போட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று விஷயம் தெரிந்தவர் பார்க்கட்டும், நீங்கள் டிரிக்கரைத் தொட வேண்டாம். டிரங்குப் பெட்டியை இன்னொரு முறை துழாவுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய பில், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.