கரப்பான் உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா?

சகோதரி, ஆறு மாதக் குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருப்பதால் மூன்று வயதுவரை வேர்க்கடலையே கூடாது என்று உறவினர்கள் தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000இல் அப்படிச் சொல்லி, 2008இல் கைவிட்டுவிட்டது.

லண்டனில் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் குழுவினர் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை ஐந்து வயதுவரை கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் செய்த வேர்க்கடலை ஒவ்வாமைக்கான தோல் சோதனையில் தடிப்பு வராதவர்களில், கடலையைத் தவிர்த்தோரில் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை வந்தது, சாப்பிட்டோரில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே! எத்தனை பெற்றோரை வீணாகப் பயமுறுத்தியிருக்கிறோம்.

ஆனால் இன்றே வீட்டில் ஊட்டிவிடாதீர்கள். கரப்பான் கடுமையானது என்பதால் முதலில் ஒவ்வாமை மருத்துவரிடம் சோதனை செய்யுங்கள். அவர் சம்மதித்தால், மையாக அரைத்த விழுதை வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக் கொடுங்கள். முழுக்கடலை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.