கேள்வி-பதில்: கண்ணு முன்னாடி நிக்குற ஃபைல் காணாம போன கதை

கேள்வி: எங்க டெஸ்ட் டேட்டால 'சோதனை'ன்னு தமிழ்லயே பேர் வச்ச ஃபைல் ஒண்ணு இருக்கு, டிசைனர் அவரோட மேக்ல ஜிப் பண்ணி அனுப்புனது. என் மேக்லயும் எல்லா டெஸ்ட்டும் பாஸ். லினக்ஸ் சர்வர்ல மட்டும் ஃபைலே இல்லைங்குது. ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்ட் அடிச்சா நல்லா தெரியுது சார்! ரெண்டு நாளா மண்டை காயுது.
– வாசகி, கோவை

பதில்: ஃபைல் இருக்குங்க, நீங்க கூப்பிடுற பேர்ல இல்ல, அவ்ளோதான். 'சோ'வை, எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோட்ல ரெண்டு விதமா சேமிக்கலாம். ச-வுக்கு அப்புறம் ஓகாரக் குறியை ஒரே துண்டா வைக்கிறது ஒண்ணு, இதுக்கு என்எஃப்சின்னு பேரு. இரட்டைக் கொம்பு தனி, கால் தனின்னு பிரிச்சு வைக்கிறது இன்னொண்ணு, அது என்எஃப்டி. ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், ஆனா அந்த நம்பரை பைட்டா எழுதுற யுடிஎஃப்-8 முறைல 'சோதனை' முதல் விதத்துல 15 பைட், ரெண்டாவது 18 பைட்.

மேக்ல பிறந்த ஜிப்ல பேரு பல சமயம் பிரிச்ச வடிவத்துலதான் வரும். மேக்ல இப்ப இருக்குற ஏபிஎஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் தேடும்போது ரெண்டையும் ஒண்ணா பாத்துக்கும், அதான் உங்களுக்கு பாஸ் ஆச்சு. லினக்ஸுக்கு இந்த தாராள மனசெல்லாம் கிடையாது, பைட் பைட்டா ஒப்பிடும், ஒண்ணு மாறுனாலும் வேற ஃபைல். விண்டோஸும் இதுல லினக்ஸ் கட்சிதான்.

நம்பலைன்னா சர்வர்ல எல்எஸ் அவுட்புட்டை 'ஓடி மைனஸ் சி' (od -c) கமாண்டுக்கு பைப் பண்ணிப் பாருங்க, தமிழ் எழுத்தோட பைட்டையெல்லாம் ஆக்டல் நம்பரா காட்டும். ச-வோட மூணு பைட்டான 340 256 232க்கு அப்புறம் 340 257 213 வந்தா ஒரே துண்டு, 340 257 207 340 256 276ன்னு வந்தா பிரிஞ்சது. நானும் இதே மாதிரி ஒரு தடவை மாட்டி, பெர்மிஷன் தப்போன்னு ராத்திரி பூரா அதையே குடைஞ்சுட்டு இருந்தவன்தான்.

பேரை ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் என்எஃப்சிக்கு மாத்திடுங்க, பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல்லயே நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கு. என்னைக் கேட்டா கோடு சேமிச்சு வைக்கிற ரிப்போல இருக்குற ஃபைல் பேரெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கட்டும், தமிழ்ப் பேர் ஃபைலை டெஸ்ட் ஓடும்போதே டெம்ப் ஃபோல்டர்ல உருவாக்குங்க, ரெண்டு வடிவத்துலயும், எழுத்தோட யூனிகோட் நம்பரை (கோட் பாயின்ட்) போட்டு, கீபோர்டை நம்பாம. ஆனா 'ஔ'வுக்கு பதிலா ஒ-வும் ள-வும் அடிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, அது வேற எழுத்து, நார்மலைஸ் பண்ணாலும் சேராது.

கேள்வி: விண்டோஸ்ல பைத்தான் டெஸ்ட் தமிழ் ஃபைலைப் படிக்கும்போது சில ஃபைல்ல குப்பையா வருது, சிலதுல சார்மேப் எரர்னு விழுந்துடுது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகர், மதுரை

பதில்: என்கோடிங், அதாவது எழுத்தை பைட்டா மாத்துற முறை, சொல்லாம ஓப்பன் பண்ணா இங்கிலீஷ் விண்டோஸ்ல பைத்தான் 1252ங்கிற பழைய கோட்பேஜை (எந்த பைட் எந்த எழுத்துங்கிற பட்டியல்) எடுத்துக்கும். 'க'வோட மூணு பைட்டும் அதுல தலைல கோடு போட்ட சின்ன ஏ, வட்டத்துக்குள்ள ஆர், ஒரு குண்டுப் புள்ளின்னு மூணு எழுத்தா மாறிடும். அதான் நீங்க பாத்த குப்பை. அந்தக் கோட்பேஜ்ல அஞ்சு இடம் காலி. நம்ம மெய்யெழுத்துப் புள்ளியோட கடைசி பைட்டும், உகரக் குறியோட கடைசி பைட்டும் சரியா அந்தக் காலி இடத்துல போய் விழும், உடனே சார்மேப் எரர். அதனால 'சோதனை' சத்தமில்லாம குப்பையாகும், 'தமிழ்' வெடிக்கும். வெடிக்கிறது பரவால்ல, சத்தமில்லாதவன்தான் டெஸ்ட்ல பாஸ் ஆகி கஸ்டமர்கிட்ட போய் நிப்பான். ஓப்பன்ல என்கோடிங் யுடிஎஃப்-8ன்னு எழுதிடுங்க, டெஸ்ட் டேட்டால புள்ளி வச்ச சொல்லும் புள்ளி, உகரம் ரெண்டும் இல்லாத சொல்லும் கலந்து வைங்க.