கிறிஸ்துமஸ் படத்துச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ‘நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்துமஸ் வெக்கேஷன்’ படத்தில் கத்தி பட்டதும் பிளந்து ஆவி விடுகிற அந்த வான்கோழி! அப்படிக் காய்ந்துபோன கறியோடு என்ன குடிப்பது? பண்டிகை என்றால் நல்ல கனமான சிவப்பு ஒயின்தான் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: தயவுசெய்து அந்தக் கனமான பாட்டிலை வேறொரு நாளைக்கு எடுத்துவையுங்கள். 1989-ல் வந்த அந்தப் படத்தில் வான்கோழியை நேரத்தோடு அடுப்பில் ஏற்றிவிட்டு உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மனம் நோகக்கூடாதே என்று மென்று மென்று விழுங்குகிறார்கள். காட்சி மிகைதான், ஆனால் வான்கோழியின் நெஞ்சுக்கறியில் நிஜமாகவே கொழுப்பு குறைவு, கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே வறண்டுவிடும். காபர்னே சோவினியோன் மாதிரியான ஒயினில் டானின் அதிகம். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற இந்தத் துவர்ப்பு உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கைக் காயவைக்கும். கொழுப்பு ஓடுகிற மாட்டிறைச்சியோடு என்றால் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும், ஆனால் காய்ந்த கறிக்கு மேல் அதை ஊற்றினால் வறட்சி இரண்டு மடங்கு.

எனக்குப் பிடித்த பதில் போஜொலே. பிரான்ஸில் கமே என்ற திராட்சையில் செய்கிறார்கள். டானின் கம்மி, புளிப்பும் பழவாசனையும் தூக்கல். புளிப்பு வாயில் உமிழ்நீரைச் சுரக்கவைக்கும், அந்தக் கறிக்கு வேண்டியதும் அதுதான். ஃப்ளூரி, மோர்கான் என்று ஊர்ப்பெயர் போட்ட பாட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. சிவப்பாயிற்றே என்று தயங்காமல் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள், பழவாசனை துலங்கும்.

கேள்வி: ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’யில் பக்கத்து வீட்டு நாய்கள் வான்கோழியைத் தின்றுவிட, குடும்பமே சீன உணவகத்துக்குப் போய் வாத்து சாப்பிடுகிறதே, அதற்கு?

பதில்: 1983-ல் வந்த படம். கிறிஸ்துமஸ் படங்களிலேயே எனக்கு மிகவும் நெருக்கமான விருந்து இதுதான். தலையோடு மேஜைக்கு வருகிற வாத்தைப் பார்த்து அப்பா தயங்க, பரிமாறுபவர் அங்கேயே தலையை வெட்டிவிட, அதற்கப்புறம் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, திட்டம் போட்டுச் செய்த எந்த விருந்திலும் அது வராது.

வாத்தின் தோலுக்கு அடியில் நல்ல கொழுப்பு இருக்கிறது, அதனால் அதை வெட்டுகிற புளிப்பு வேண்டும். சீனப் பாணியில் வறுக்கும்போது நட்சத்திரச் சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் சேரும், தோலில் லேசான இனிப்பும் இருக்கும். பினோ நுவார் என்ற திராட்சையில் செய்த மென்மையான சிவப்பு ஒயின் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும் என்று பலர் சொல்வார்கள், அது சரிதான். இருந்தாலும் நான் ஒருபடி மேலே வைப்பது பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற திராட்சையில் செய்கிற வெள்ளை ஒயினை. ரோஜாவும் லிச்சியும் கலந்த அதன் வாசனை அந்த மசாலாவுக்குச் சரிசமமாக நிற்கும். ஒன்று கவனியுங்கள், அந்தத் திராட்சையில் புளிப்பு இயல்பிலேயே கொஞ்சம் குறைவு, வாத்து ரொம்பக் கொழுப்பாக இருந்தால் லேசாக இனிக்கிற, புளிப்பு தூக்கலான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ‘எல்ஃப்’ படத்தில் ஸ்பகெட்டி மேல் மேப்பிள் சிரப் ஊற்றுவார் நாயகன். அதற்கெல்லாம் கூட ஒயின் உண்டா?

பதில்: உண்டு. சாப்பாட்டைவிட ஒயின் இனிப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நல்ல ஒயின்கூட வெறும் புளிப்பாகத் தெரியும். மொஸ்காத்தோ தாஸ்தி எடுங்கள். இத்தாலியின் பியெமோந்தே பகுதி ஒயின், மெல்லிய நுரை, ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். சிரப்பை ரொம்ப ஊற்றிவிட்டால் இதுவும் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: ‘ஹோம் அலோன்’ பார்த்துக்கொண்டே பெரியவர்கள் நாங்கள் மட்டும் சாப்பிடப்போகிறோம். பீட்சாவா, மக்ரோனி சீஸா?

பதில்: இரண்டையும் செய்யுங்கள். அந்தப் பையன் தனக்கே தனக்கென்று வரவழைத்த சீஸ் பீட்சாவுக்கு பார்பெரா அல்லது கியாந்தி, இரண்டுமே இத்தாலியச் சிவப்பு ஒயின். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும், இந்த இரண்டிலும் அது தாராளம். மக்ரோனி சீஸை அவன் பிரார்த்தனை செய்துவிட்டு வாயில் வைப்பதற்குள் திருடர்கள் வருகிற நேரமான மணி ஒன்பது அடித்துவிடும், பாவம். அதற்கு இனிப்பில்லாத நுரை ஒயின். உப்பும் சீஸும் நாக்கில் படிந்ததை ஒவ்வொரு வாயும் துடைத்துவிடும். ஷாம்பெயின்தான் வேண்டும் என்றில்லை, ஸ்பெயினின் காவா போதும்.

கேள்வி: ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ பண்டிகைப் படமா? அதில் வரும் ஒயின்கள் பொருத்தமானவையா?

பதில்: கிறிஸ்துமஸ் படம் இல்லை, மறைந்த பாதிரியாரின் நூறாவது பிறந்தநாள் விருந்து. 1987-ல் வந்த டேனிஷ் படம். ஆனால் ஒயினும் உணவும் சேருவதை இவ்வளவு அக்கறையோடு காட்டிய படத்தை விடமுடியுமா! ஆமை சூப்புக்கு ஸ்பெயினின் காட்டமான ஒயினான ஷெர்ரியில் அமோன்தியாதோ வகை, காடைக்கு பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் பினோ நுவாரில் செய்கிற க்ளோ த வூஜோ. காடைக்குள் வாத்து ஈரலும் ட்ரஃபிள் என்ற வாசனைக் காளானும் இருக்கின்றன, வெளியே வெண்ணெய் மாவு. மண்வாசனை ஏறிய பழைய பினோ நுவார் அதோடு கச்சிதமாகச் சேரும். ஷெர்ரியின் பாதாம் வாசனை மட்டும் இன்றைக்கும் எந்தத் தெளிவான இறைச்சி சூப்போடும் நீங்களே முயன்று பார்க்கக்கூடியது.

கேள்வி: எங்கள் வீட்டில் பாதிப்பேர் மது தொடமாட்டார்கள். அவர்களுக்கு?

பதில்: அவர்கள் கையில் தண்ணீர் தம்ளரைக் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள், மேலே சொன்ன அதே கணக்குதான். வாத்துக்குப் புளிப்புச் செர்ரிச் சாற்றில் சோடா. மக்ரோனிக்கு நுரைக்கிற ஆப்பிள் சாறு, இனிப்பு குறைந்ததாகப் பாருங்கள். வான்கோழிக்கு மாதுளைச் சாற்றில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். கடுந்தேநீர் மட்டும் வான்கோழியோடு வேண்டாம், அதிலும் டானின் இருக்கிறது.